ஜாம் போட்ட ஜோசியர்

உலகம் எப்போது முடியும் என்று தெரிந்த மனிதர், ஜாம் பூசணம் பூக்காமல் இருக்கச் சர்க்கரைப் பாகை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்வாரா? நாஸ்ட்ரடாமஸ் உடைத்துக்கொண்டார். அதோடு விடாமல் புத்தகமும் போட்டார். 1555-இல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் அவருடைய இரண்டு புத்தகங்கள் அச்சேறின. ஒன்று, நாமெல்லாம் கேள்விப்பட்ட தீர்க்கதரிசனப் பாட்டுகள். இன்னொன்று முகப்பூச்சு, முடிச்சாயம், பற்பொடி, பழப்பாகு எல்லாம் தயாரிக்கச் சொல்லித்தரும் கைப்புத்தகம். முதல் புத்தகத்தைப் படித்துவிட்டு உஷாராகி ஓர் ஆபத்திலிருந்து தப்பித்தவர் என்று இன்றுவரை ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. இரண்டாவதைப் படித்து இப்போதும் ஜாம் கிண்டலாம். பெயர் வாங்கிக் கொடுத்தது என்னவோ முதல் புத்தகம்தான்.

இயற்பெயர் மிஷெல் த நொஸ்த்ரதாம். 1503 டிசம்பரில் பிரான்ஸின் தெற்கே, ப்ரொவான்ஸ் பகுதியில் உள்ள சான் ரெமி என்ற சிற்றூரில் பிறந்தார். தாத்தா காலத்தில் யூத மதத்திலிருந்து கத்தோலிக்கத்துக்கு மாறிய குடும்பம். அப்பா தானிய வியாபாரி. இதே சான் ரெமியில்தான் 1889-இல் வான்கோ தன் புகழ்பெற்ற நட்சத்திர இரவு ஓவியத்தை வரைந்தார். ஒரே ஊர், ஒரே வானம். நட்சத்திரத்தைக் காட்டிக் காசு பார்த்தவர் ஒருவர், பார்க்காமலே செத்தவர் ஒருவர்.

பையனை 14, 15 வயதில் அவிஞ்ஞோன் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்கள். ஒரு வருஷம் சொச்சத்தில் பிளேக் வந்து பல்கலைக்கழகத்தை இழுத்து மூடிவிட்டது. பிளேக் வரப்போவது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததாகத் தகவல் இல்லை. பிறகு எட்டு வருஷம் காடு மேடெல்லாம் சுற்றி மூலிகை பொறுக்கி, மருந்து இடித்துக் கொடுக்கும் தொழில் பழகினார். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அது பேரை அல்ல, வேரைக் கண்டவன் என்று திருத்துகிறவர்களும் உண்டு. பிளேக் காலத்து வைத்தியர்களைப் பொறுத்தவரை இரண்டு பாடமும் சரி.

வேர் பார்த்தது போதும், பட்டம் வாங்குவோம் என்று 1529-இல் மொன்பெலியே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்த வேகத்தில் வெளியே அனுப்பப்பட்டார். மாணவர் பிரதிநிதியாக இருந்த கியோம் ரோந்தலே, பிற்காலத்தில் மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதி விஞ்ஞானியாகப் பெயர் பெற்றவர். அவர்தான் பதிவேட்டில் நம்மாள் பெயரை அடித்து, காரணத்தையும் பக்கத்திலேயே எழுதிவைத்தார். இந்த ஆள் மருந்துக்கடை வைத்திருந்தவன். போதாக்குறைக்கு டாக்டர்களைத் தரக்குறைவாகப் பேசுகிறான். அந்தக் காலத்தில் மருந்து இடிப்பது கைவேலை. உலக்கை பிடித்த கை எங்கள் பெஞ்சில் வந்து உட்காருவதா என்பதுதான் பிரச்சினை. அந்தப் பதிவேடு மொன்பெலியேவில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. நம்மாள் அதற்கெல்லாம் அசரவில்லை. அவருடைய புத்தகங்களில் பெயரோடு டாக்டர் என்றே அச்சானது.

நடுவில் அஜான் என்ற ஊரில் ஒரு கல்யாணம், இரண்டு குழந்தைகள். 1534 வாக்கில் மூவரையும் நோய் வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு பல வருஷம் ஊர் ஊராகத் திரிந்தார். இந்த இடத்தில் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை.

1546-இல் எக்ஸ் நகரத்தில் பிளேக் தலைவிரித்தாடியபோது நகர நிர்வாகமே அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. அங்கே பார்த்ததைத்தான் ஜாம் புத்தகத்தின் நடுவே எழுதியிருக்கிறார். ஒரு பெண்ணை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டிருக்கிறார். அவள் எட்டிப் பார்த்துப் பதில் சொன்னாள். கையில் ஊசி நூல். தனக்கான சவத்துணியைத் தானே காலிலிருந்து மேலே தைத்துக்கொண்டிருந்தாள். பிணம் தூக்குகிறவர்கள் உள்ளே போனபோது தையல் பாதியில் நின்றிருந்தது. அவருடைய 942 தீர்க்கதரிசனப் பாட்டுகளையும் ஒரு தட்டில் வைத்தாலும் இந்த ஒரு பத்திக்கு ஈடாகாது. இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார், அதுதான் வித்தியாசம்.

மருந்து? இரத்தம் இறக்கிப் பார்த்தோம், கஷாயம் கொடுத்துப் பார்த்தோம், எதுவும் பலிக்கவில்லை என்று மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். அதுவரை நியாயமான மனுஷர். உடனே, 'ஆனால் என்னிடம் ஒரு மாத்திரை இருக்கிறது' என்று ஆரம்பிக்கிறார். சைப்ரஸ் மரத்தூள், ஐரிஸ் பூச்செடியின் கிழங்கு, கிராம்பு, வசம்பு, அகில் கட்டை. இத்தோடு புதிதாகப் பறித்த சிவப்பு ரோஜா 300, 400 சேர்த்து இடித்து உருட்டி, வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். குழந்தை இருக்கும் வீட்டில் பெயர் சொல்லாமல் வாங்கும் வசம்பு, பிரான்ஸில் பிளேக்கையே விரட்டக் கிளம்பிவிட்டது! பிளேக் போயிருக்காது. வாய் மட்டும் மணந்திருக்கும்.

அதே புத்தகத்தில் காதல் மருந்துக்கும் ஒரு செய்முறை உண்டு. அதில் ஆண் சிட்டுக்குருவியின் இரத்தம் சேர்கிறது. சிட்டுக்குருவி லேகியம் நம் ஊர் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களின் தனிச்சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். உலகம் முழுக்க அந்தக் குருவியின் தலையெழுத்து ஒன்றுதான். க்வின்ஸ் என்ற பழத்தில் செய்யும் ஜெல்லி ஒன்றையும் விவரித்துவிட்டு, இது ராஜாவுக்கே பரிமாறத் தகுந்தது என்று பெருமை அடித்துக்கொள்கிறார். பார்ப்பதற்குப் பேரிக்காயின் பெரியப்பா மகன் போல இருக்கும் அந்தப் பழம். பச்சையாகக் கடித்தால் தாடை கழன்றுவிடும். அதை ஜெல்லியாக்கத் தெரிந்தவருக்குக் கைராசி இருந்தது என்று தாராளமாக நம்பலாம்.

1547-இல் சலோன் என்ற ஊரில் நிலைத்தார். ஆன் பொன்சார்த் என்ற பணக்கார விதவையைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆறு குழந்தைகள். அவர் வாழ்க்கையில் போட்ட கணக்குகளில் பிசகாமல் வந்தது இது.

சாப்பாட்டுக் கவலை தீர்ந்ததும் ஜோசியம் சூடு பிடித்தது. 1550-ஆம் வருஷத்துக்கு ஒரு பஞ்சாங்கம் போட்டார். நொஸ்த்ரதாம் என்ற வீட்டுப் பெயரை லத்தீனில் நீட்டி நாஸ்ட்ரடாமஸ் ஆக்கியது அப்போதுதான். ஜோசியருக்கு வாய்க்குள் நுழையாத பெயர் இருந்தால் தட்சிணை கூடும். பஞ்சாங்கம் பிய்த்துக்கொண்டு போனது. வருஷம் தவறாமல் எழுதினார். எல்லாம் சேர்த்து எண்ணினால் குறைந்தது 6,338 பலன்கள் தேறும் என்கிறார்கள். இருட்டில் 6,338 கல் எறிந்தால் ஒன்றாவது தகரக் கூரையில் விழுந்து சத்தம் வரத்தான் செய்யும்.

ஆனால் ஜாதகம் கணிப்பதில் அவர் கொஞ்சம் அப்படி இப்படித்தான். பெரும்பாலும் வாடிக்கையாளரே கட்டம் போட்டுக் கொண்டுவர வேண்டும். இவரே கணிக்க நேர்ந்தால் கிரக அட்டவணையைத் தப்பாகப் பார்த்துவிடுவார். பிறந்த ஊருக்கும் நேரத்துக்கும் ஏற்பத் திருத்தமும் செய்ய மாட்டார். நம் ஊரில் இந்த லட்சணத்தில் ஒருவர் பொருத்தம் பார்த்தால் பெண் வீட்டார் நாற்காலியைத் தூக்கிவிடுவார்கள். 1558-இல் லோரான் விடெல் என்ற சக ஜோசியர், இந்த ஆளுக்கு அடிப்படையே தெரியாது என்று ஒரு நூலே எழுதி வெளியிட்டார். இன்னொருவர் பெயரையே திரித்து 'மான்ஸ்ட்ரடாமஸ்' ஆக்கித் தலைப்பில் போட்டார். நம்மாள் உஷார். தன்னை ஜோசியர் என்று சொல்லிக்கொள்வதைவிட 'நட்சத்திரப் பிரியன்' என்று சொல்லிக்கொள்வதையே விரும்பினார். பிரியத்துக்கு யார் பரீட்சை வைக்க முடியும்?

இனி அந்தப் பெரிய புத்தகம். ராத்திரி, தனி அறை, பித்தளை முக்காலி, அதன்மேல் தனியாக ஒரு மனிதர். முதல் இரண்டு பாட்டிலேயே செட் போட்டுவிடுகிறார். முக்காலி சொந்தச் சரக்கு அல்ல. பழைய கிரேக்கக் குறி சொல்லிகளின் வர்ணனையிலிருந்து எடுத்தது. நாலு நாலு வரியாகப் பாட்டு. நூறு பாட்டுக்கு ஒரு 'சென்ச்சுரி'. சென்ச்சுரி என்றதும் நூற்றாண்டுக் கணக்கு என்று நினைத்துப் பல பேர் நூற்றாண்டு நூற்றாண்டாகப் பிரித்து மேய்ந்திருக்கிறார்கள். இது கிரிக்கெட் சென்ச்சுரி மாதிரிதான், வெறும் எண்ணிக்கை. முதல் பதிப்பில் 353 பாட்டு. அவர் இறந்த பிறகு வந்த முழுப் பதிப்பில் 942. பத்து சென்ச்சுரி என்று கணக்கு, ஆனால் ஏழாவதில் 42-லேயே ஆள் அவுட்.

முன்னுரையை மகன் செசாருக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். மகனே, 3797-ஆம் வருஷம் வரைக்கும் நடக்கப்போவதைச் சொல்லியிருக்கிறேன் என்கிறார். செசாருக்கு அப்போது ஒன்றேகால் வயசு. பொறுமையாகக் கேட்டிருப்பான்.

பாட்டுகளில் பிரெஞ்சு, லத்தீன், கிரேக்கம், ப்ரொவான்ஸ் பேச்சு எல்லாம் கலந்து கிடக்கும். வருஷம் போட்டவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. வரிசைக்கிரமம் கிடையாது. வேண்டுமென்றேதான் குழப்பி எழுதியிருக்கிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். அதற்கு மேல் போய்க் குற்றம் சொல்ல முடியாது. சரக்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தவர்கள், முக்காலிக்கு மேலே தேடாமல் அவர் வீட்டு அலமாரியில் தேடினார்கள். ரோமானிய வரலாறு, புளூட்டார்க், பழைய பிரெஞ்சு வரலாறுகள், அந்தக் காலத்தில் சுற்றில் இருந்த தீர்க்கதரிசனத் தொகுப்புகள். அதாவது நடந்து முடிந்ததையே எடுத்து வினைமுற்றை மட்டும் மாற்றியிருக்கிறார். விழுந்தான் என்று எழுதினால் வரலாற்று ஆசிரியன். விழுவான் என்று எழுதினால் தீர்க்கதரிசி. ஓர் இடைநிலைதான் வித்தியாசம்.

பஞ்சாங்கத்தில் அரச குடும்பத்துக்கு ஆபத்து என்று ஏதோ கோடு காட்டியிருந்தார். கேத்தரின் த மெடிச்சி ராணிக்கு ஜோசியம் என்றால் உயிர். 1555-இலேயே பாரீஸுக்கு வரச் சொல்லி ஆள் வந்துவிட்டது. தலை தப்புமா என்று நடுங்கிக்கொண்டேதான் போனார். நாளையைச் சொல்ல வந்தவருக்குத் தன் தலை நாளைக்கு எங்கே இருக்கும் என்று தெரியாத நிலைமை. தலை தப்பியது, பணப்பைதான் நிறையவில்லை. ராஜா கொடுத்தது 100 கிரௌன், ராணி கொடுத்தது 30. போன இடத்தில் ஆன செலவு 100. இவ்வளவு தூரம் வந்ததற்கு மிச்சம் இதுதானா என்று பிறகு ஒரு கடிதத்தில் மூக்கால் அழுதிருக்கிறார்.

இப்போது அவருடைய மாஸ்டர்பீஸுக்கு வருவோம். 1559 ஜூன் 30. பாரீஸில் சான் அந்த்வான் தெரு. மகளுக்கும் தங்கைக்கும் கல்யாண வைபவம். ராஜா இரண்டாம் ஆன்ரி ஈட்டிப் பந்தயத்தில் குதிக்கிறார். வயசு 40. மேலே அணிந்திருப்பது கறுப்பும் வெள்ளையும். அது ஆசைநாயகி தியான் த புவாத்தியேவின் நிறம். கட்டிய மனைவி பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்த ஆளுக்கு ஆபத்து வரும் என்று சொல்ல முக்காலி வேண்டியதில்லை. எந்த அத்தையும் சொல்லியிருப்பாள். எதிரே மோன்கோமரி என்ற காவல்படைத் தலைவன். ஈட்டி முறிந்து சிலும்பு ராஜாவின் முகக்கவசத்துக்குள் புகுந்து கண் வழியாகப் போனது. பத்து நாள் உயிர் ஊசலாடி, ஜூலை 10-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்.

இளம் சிங்கம் கிழச் சிங்கத்தை வெல்லும், தங்கக் கூண்டுக்குள் கண்ணைக் குத்தும் என்ற பொருளில் முதல் சென்ச்சுரியில் ஒரு பாட்டு உண்டு. பார்த்தீர்களா, அப்படியே இருக்கிறது என்பார்கள். அப்படியே இல்லை. பாட்டில் போர்க்களம், நடந்தது கல்யாண விளையாட்டு. ஆன்ரியின் சின்னம் பிறைநிலா, சிங்கம் அல்ல. தங்கத்தில் முகக்கவசம் போட்டிருந்ததாகவும் சாட்சி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, இந்தப் பாட்டையும் அந்தச் சாவையும் இணைத்து முதன்முதலாக அச்சில் எழுதியது 1614-இல், 55 வருஷம் கழித்து. எழுதியவர் யார்? ஒன்றேகால் வயசில் முன்னுரை கேட்ட அதே செசார். வளர்ந்து வரலாற்று ஆசிரியர் ஆகியிருந்தார். அப்பா கடைக்கு மகன் போர்டு எழுதிக் கொடுத்த கதை.

அப்பா நிஜமாகவே ஆன்ரிக்கு எழுதியது வேறு. 1558 ஜூன் தேதியிட்டு ராஜாவுக்கு ஒரு நீண்ட சமர்ப்பணக் கடிதம் இருக்கிறது. அதில் அவரை எப்படி விளிக்கிறார் தெரியுமா? வெல்ல முடியாதவரே! சரியாக ஒரு வருஷம்.

ராணி மட்டும் நம்பிக்கையை விடவில்லை. 1564 அக்டோபரில், மகன் ஒன்பதாம் ஷார்ல் ராஜாவாகி நாட்டைச் சுற்றி வந்தபோது சலோனுக்கே வந்து ஜோசியரைப் பார்த்தார். நம்மாள் நேருக்கு நேர் தெளிவாகப் பலன் சொன்ன அபூர்வ சந்தர்ப்பம் இது. ராணி பூரித்துப்போய்ப் படைத்தளபதி மோன்மொரன்சிக்குக் கடிதம் எழுதினார். உங்களுக்கு ஆயுசு 90, என் மகனுக்கும் அதே அளவு ஆயுசு என்று ஜோசியர் சொல்லிவிட்டார். தளபதி மூன்றே வருஷத்தில் போர்க்காயத்தில் இறந்தார். ஷார்ல் 1574-இல் இறந்தபோது வயசு 23. இங்கிலாந்தின் எலிசபெத் ராணியைத்தான் ஷார்ல் மணப்பார் என்றும் சொன்னாராம். ஸ்பெயின் தூதர் இதை ஊருக்கு எழுதி நக்கலடித்திருக்கிறார். பையனுக்கு 14, எலிசபெத்துக்கு 31. அந்த அம்மாள் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இத்தனைக்கும் நம்மாளுக்குக் கிடைத்தது ராஜாவின் ஆலோசகர், மருத்துவர் என்ற பதவி. மொன்பெலியேவில் அடித்த பெயருக்கு அரண்மனைப் பட்டம்.

கீல்வாதம் நீர்க்கோவையாக முற்றி, 1566 ஜூலை 2-ஆம் தேதி சலோனில் காலமானார். முந்தின நாள் ராத்திரியே, விடியும்போது நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று சீடரிடம் சொன்னாராம். கை கால் வீங்கி, உயில் எழுதி முடித்து, படுத்த படுக்கையாகக் கிடக்கிற 62 வயசுக்காரர் இதைச் சொல்ல என்ன ஞானதிருஷ்டி வேண்டும்? எழுத்தில் அவர் தன் சாவைக் குறித்ததாகக் காட்டப்படும் பாட்டு ஒன்று உண்டு. அது 1567 நவம்பருக்கான பலன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுந்ததாம் கழுநீர்ப் பானையில்.

குடும்பத்தில் இன்னொரு பல்லியும் இருந்ததாக ஒரு கதை. கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இளைய மிஷெல் என்று அறியப்பட்ட ஒருவன் அப்பா தொழிலில் இறங்கி, முற்றுகையில் இருந்த ஓர் ஊர் தீப்பிடித்து எரியும் என்று சொன்னான். ஊர் எரியவில்லை. தொழில் பக்தி தாளாமல் அவனே தீப்பந்தத்தோடு போய்ப் பிடிபட்டான்.

செத்த பிறகுதான் வியாபாரம் ஓஹோ. பாவ், நே, ஒலொரோன் என்று தென்மேற்கு பிரான்ஸில் மூன்று ஊர்கள் இருக்கின்றன. இவை ஒரு பாட்டில் வரிசையாக வந்ததும், எழுத்தைக் கலைத்துப் போட்டு நெப்போலியன் என்று கண்டுபிடித்தார்கள். டான்யூப் நதியின் கீழ்ப்பகுதிக்கு லத்தீனில் ஹிஸ்டர் என்று பெயர். அது ஹிட்லர் ஆனது. இரண்டாம் உலகப் போரில் நாஜிப் பிரசார அமைச்சர் கெபல்ஸின் இலாகா கார்ல் எர்ன்ஸ்ட் கிராஃப்ட் என்ற சுவிஸ் ஜோசியரை வைத்து, நாஸ்ட்ரடாமஸ் ஜெர்மனிக்கு வெற்றி என்கிறார் என்று எழுதவைத்தது. பிரிட்டிஷ்காரர்கள் லூயி த வோல் என்பவரை வைத்து, இல்லை, எங்களுக்குத்தான் என்று எழுதவைத்தார்கள். ஒரே பாட்டு, இரண்டு கட்சி. 1941-இல் ஹிட்லரின் துணைத்தலைவரும் ஜோசியத்தை நம்பியவருமான ஹெஸ் விமானம் ஏறி ஸ்காட்லாந்துக்கு ஓடிப்போனதும் நாஜிகள் ஜோசியர்களைக் கூண்டோடு பிடித்தார்கள். கிராஃப்ட் அதில் மாட்டி, 1945 ஜனவரியில் புக்கன்வால்ட் முகாமுக்குப் போகும் வழியில் இறந்தார்.

1999, ஏழாம் மாதம், வானத்திலிருந்து பயங்கர ராஜா இறங்குவான் என்பது அவர் வருஷம் போட்டு எழுதிய சொற்பப் பாட்டுகளில் ஒன்று. அந்தக் காய்ச்சலில் பாரீஸின் பிரபல ஆடை வடிவமைப்பாளர் பாக்கோ ரபான், ஆகஸ்ட் 11 கிரகணத்தன்று மிர் விண்வெளி நிலையம் பாரீஸ் தலையில் விழும் என்று புத்தகம் எழுதினார். மிர் 2001 மார்ச்சில், சொல்லிவைத்து, பசிபிக் கடலில் இறக்கப்பட்டது. அதே வருஷம் செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்ததும், அதைச் சொல்லும் பாட்டு என்று ஒன்று மின்னஞ்சலில் பறந்தது. கனடாவில் ஒரு கல்லூரி மாணவர், எதற்கும் பொருந்துகிற மாதிரி பாட்டு எழுதுவது எவ்வளவு சுலபம் என்று காட்ட 1997-இல் சொந்தமாகக் கட்டிய பாட்டு அது. 2001-ஆம் வருஷம் கூகுளில் தேடல் மிக வேகமாக ஏறிய பெயர்களில் முதலிடம் நாஸ்ட்ரடாமஸ்.

நம் பங்குக்கு நாமும் சும்மா இருக்கவில்லை. மூன்று கடல் சூழ்ந்த நாட்டில் பிறந்து வியாழக்கிழமையைக் கொண்டாடுகிற ஒரு தலைவர் உலகை ஆள்வார் என்று நாஸ்ட்ரடாமஸ் சொல்லியிருப்பதாக உங்களுக்கும் வாட்ஸ்அப் வந்திருக்கும். ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும். தலைவர் பெயர் மட்டும் மாறும். மூலத்தில் கடலே இல்லை. அங்கே இருப்பது நீர் ராசி மூன்றும்: கடகம், விருச்சிகம், மீனம். பிரெஞ்சுக்காரன் தடுமாறினால் போகட்டும். தினசரிக் காலண்டரில் ராசி பார்த்துவிட்டுக் காபி குடிக்கிற நாம் அதைக் கன்னியாகுமரி ஆக்கலாமா?

கடைசியாக அவர் பணத்தைப் பற்றி. உயிலில் ரொக்கமாகவே 3,444 கிரௌன் காட்டினார். பஞ்சாங்கமும் ஜாதகமும் விற்ற காசில் ஒரு பகுதியை எதில் போட்டிருந்தார் தெரியுமா? ஆதாம் த க்ரபோன் என்ற பொறியாளர், துராந்ஸ் நதியிலிருந்து சலோனுக்கும் பக்கத்திலிருந்த கூழாங்கல் தரிசான க்ரோ சமவெளிக்கும் தண்ணீர் கொண்டுவர ஒரு கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார். நாஸ்ட்ரடாமஸும் மனைவியும் அதில் பதிமூன்றில் ஒரு பங்கு வாங்கினார்கள். பதிமூன்று ராசியில்லாத எண்ணாயிற்றே என்று அவர் யோசிக்கவில்லை. கால்வாயில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. அந்தக் கூழாங்கல் தரிசில் விளையும் உலர்புல்லுக்குப் பிரான்ஸ் அரசின் தரமுத்திரை உண்டு. மாடுகள் விரும்பித் தின்கின்றன.